மழைக்கு விழிக்கும் வண்டி

“விடுங்க அத!”

“மொதல்ல நீங்க விடுங்க!”

ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சந்துக்குள் இருக்கும் காயலாங்கடையில், கொட்டுகிற மழையில், ஒரு பொம்மை லாரிக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஒருத்தி ஜாய்ஸ்... கல்யாணப் பேச்சை எடுத்தாலே காதில் வாங்காமல் மாடிக்குப் போய்விடுகிறவள். இன்னொருவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, லாரியின் பின்பக்கத்தை விடாப்பிடியாகப் பிடித்திருந்த நீளமான விரல்கள்... அவ்வளவுதான் தெரிந்தது.

பொம்மை என்று சொன்னால் ஜாய்ஸுக்குக் கோபம் வரும். அது மாடல். அமெரிக்கச் சாலைகளில் ஓடுகிற, மூக்கு நீண்ட டிரெய்லர் லாரியை அச்சு அசலாகச் சுருக்கி, ஒரு கை நீளத்துக்குச் செய்தது. ஒரு சக்கரம் இல்லை. டிரெய்லர் பெட்டி விரிசல் விட்டிருந்தது. வண்ணம் தோல் உரிந்துகிடந்தது. ஆனாலும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. தொழில் அப்படி. லாரிக்காரர்களும் பஸ் முதலாளிகளும் தங்கள் வண்டியைச் சின்னதாகச் செய்து தரச் சொல்லி அவளைத் தேடி வருவார்கள். உடைந்த மாடல் கிடைத்தால் அவளே பிரித்துப்போட்டு, புதிதாக்கி, தன் மனம் போல அலங்கரிப்பாள்.

“நான்தான் மொதல்ல பாத்தேன்,” என்றாள் ஜாய்ஸ்.

“நான் போன வாரத்துல இருந்து தேடிகினு இருக்கேங்க.”

“தேடறவங்கல்லாம் சொந்தக்காரங்களா? கடைக்காரர்கிட்ட எனக்குன்னு சொல்லியாச்சு.”

“ஏங்க... வெளயாடாதீங்க. இது வேற மேட்டரு...”

அவன் முடிப்பதற்குள் கரண்டு போனது. கடை இருண்டது. பக்கத்துத் தெருவில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஒரே மூச்சில் நின்றன. ஆரணிக்காரர்களுக்கு இடியும் மழையும் பெரிதில்லை. தறிச் சத்தம் நின்றால்தான் நெஞ்சு திக்கென்கும்.

அந்த மௌனத்தில்... லாரியின் முகப்பு விளக்குகள் எரிந்தன.

இரண்டும் ஒரே நேரத்தில். முதலில் மங்கலாக, பிறகு யாரோ கண் விழிப்பதுபோல மெல்ல மெல்ல. மஞ்சள் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் ஜாய்ஸ் அவன் கண்களைப் பார்த்தாள். அழகான கண்கள்தான்... ஆனால் அவற்றில் இருந்த பயம் அவளுடைய முதுகுத்தண்டு வரைக்கும் வந்து தொட்டது.

அவள் வண்டியைப் புரட்டினாள். அடியில் பேட்டரிப் பெட்டிக்கு மூடியே இல்லை. உள்ளே வெறும் துருப்பிடித்த ஸ்பிரிங்தான் இருந்தது. பிறகு இது எப்படி எரிகிறது?

அவன் கையை விட்டுவிட்டான்.

“வச்சிக்கோங்க,” என்றான். “ஆனா ஒண்ணுங்க... மழ வந்தா அத தனியா உடாதீங்க.”

அவ்வளவுதான். மழைக்குள் இறங்கிப் போயே போய்விட்டான். கரண்டு வந்தது, தறிகள் அடித்தன, கடைக்காரர் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். ஜாய்ஸ் மட்டும் வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, வென்றோமா தோற்றோமா என்று தெரியாமல் நின்றாள்.

*

கொசப்பாளையத்தில் அவர்கள் வீட்டு மாடியறைதான் ஜாய்ஸின் பட்டறை. கீழே அவளும் அம்மா அந்தோணியம்மாளும் இருந்தார்கள். அம்மா பள்ளிக்கூட டீச்சர். பகலெல்லாம் பள்ளி, சாயங்காலம் ஜெபக்கூட்டம் என்று சுற்றுகிறவர். ஆகவே மாடியில் ஜாய்ஸுக்குத் துணை உப்புத்தாளும் பிரைமர் வாசனையும்தான்.

வண்டியை மேசைமேல் சுவரைப் பார்க்க நிறுத்தி வைத்தாள். காலையில் வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. முன்சக்கரங்கள் மட்டும் வாசற்பக்கம் ஒடித்துத் திரும்பியிருந்தன. ஸ்டியரிங் கம்பி தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நேராக்கினாள். மறுநாளும் அப்படியே திரும்பியிருந்தது. மறுநாள் அவள் தனக்குத்தானே ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே ஒரு பிற்பகல், வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. ஜாய்ஸ் டிரெய்லரின் விரிசலுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தாள். அறையில் வெளிச்சம் குறைந்தது. சுவரில் திடீரென்று இரண்டு மஞ்சள் வட்டங்கள்...

பட்டி பூசும் தகடு கையிலிருந்து நழுவியது. ‘இயேசுவே’ என்று வாய் முணுமுணுத்தது. ஜன்னலுக்கு ஓடினாள்... மனித முகம் எதையாவது பார்த்தால் போதும் என்றிருந்தது.

பார்த்தாள். எதிர்வீட்டுக் கூரை விளிம்புக்குக் கீழே, பாதி மழையிலும் பாதி நிழலிலுமாக, அவன் நின்றான். இந்த ஜன்னலையே பார்த்தபடி நின்றான்.

“மேல வாங்க!” என்று கத்தினாள்.

பயத்தில்தான் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் சொல்வாள். நாமும் நம்பிவைப்போம், என்ன கெட்டுப்போகிறது?

அவன் மாடிப்படி வாசலிலேயே நின்றுகொண்டான். பெயர் கமலக்கண்ணன், பட்டுத் தறி நெய்கிறவன். இந்த வண்டி அவனுடைய அண்ணன் வேலுவுடையது.

“எங்கண்ணனுக்குத் தறி புடிக்கல. தறிக்குழியில காலை உட்டுகினு ஒக்கார மாட்டேன்னு லாரிக்குப் போயிட்டான். சென்னை ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டிகினு இருந்தான். கப்பல்காரன் ஒருத்தன் இத ஒடஞ்சு போச்சுன்னு குடுத்திருக்கான். ஊருக்கு வர்ற நாளெல்லாம் இதையே நோண்டிகினு இருப்பான்...”

“இப்ப அவரு...?”

கமலக்கண்ணன் சுவரில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தான்.

“போன ஐப்பசி. கண்ணமங்கலம் தாண்டி, நல்ல மழ. வண்டியில லைட்டு போயிடுச்சு. ஓரங்கட்டிட்டு, எறங்கி, பின்னால ஒயர பாத்துகினு இருந்திருக்கான். லைட்டு இல்லாத வண்டி... பின்னால வந்தவனுக்குத் தெரியல.”

மழை கூரையில் அடித்தது.

“அதுக்கப்பறம் வந்த மொத மழையில இருந்து இது எரியுதுங்க. அம்மா பயந்துகினு, எனக்குத் தெரியாம காயலாங்கடைக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துடுச்சி. அன்னிக்கி உங்க கையில அது எரிஞ்சதும்... எங்க இருந்தாலும் என்னத் தேடி வர்றானேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சி. அதான் ஓடிட்டேன். ஆனா ஓடி எங்க போறது? கடைக்காரன்கிட்ட உங்க வீட்ட விசாரிச்சிகினு, ஒரு மழைக்குள்ள திரும்பி வந்துட்டேன்.”

“எடுத்துகினு போயிடறீங்களா?” அவளே எதிர்பார்க்கவில்லை, கேட்டுவிட்டாள்.

“வீட்ல வெக்க முடியாதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க இன்னா வேணா பண்ணுங்க, பெயிண்டு அடிங்க, மாத்துங்க... மழ வந்தா மட்டும் நான் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். அது போதும்.”

மழை விட்டது. சற்று நேரத்தில் விளக்குகளும் தாமாகவே அணைந்தன. அவன் நிமிர்ந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனான். அன்றிரவு ஜாய்ஸ் வண்டியை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

*

அதற்குப் பிறகு அந்த வருஷத்து மழையெல்லாம் அவர்களுடைய மழையாகிப்போனது.

ஆடியில் விட்டு விட்டுப் பெய்தது. ஆவணியில் வேலூர்ப் பக்கமிருந்து இடியோடு வந்தது. எப்போது வந்தாலும் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அம்மா வீட்டில் இருந்தால், “வந்துட்டாருடி உன் மழக்காரரு,” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். விளக்குகள் எரிகிற வரைக்கும் அவன் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நாள் போனபின் விளக்கு அணைந்த பிறகும் உட்கார்ந்திருந்தான். எரிகிற வெளிச்சத்துக்கு எதிரில், செத்துப்போன ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கையில், இரண்டு பேர் டீ குடித்தார்கள். பயமாகத்தான் இருந்தது... ஆனால் அந்தப் பயத்தை விட்டு எழுந்துபோகவும் மனம் வரவில்லை.

அவன் இருக்கும்போதே ஜாய்ஸ் வேலை பார்ப்பாள். பழைய வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். இல்லாத சக்கரத்துக்கு ஒன்றைக் கடைந்து மாட்டினாள். புகைக்குழாய்களுக்கு மெருகேற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் நிமிர்த்தி வைத்தாள்.

“இன்னா கலர் அடிக்கப்போறீங்க?” என்று கேட்டான் ஒருநாள்.

“சிவப்பு. லாரின்னா சிவப்புதான்.”

“ஐயய்யே...”

“ஏன்? எந்தக் கலர் அடிக்கணும்னு நெசவாளர் சொல்லுங்களேன், கேப்போம்.”

“மயில் கழுத்து.”

“அது சேலைக்கு. இதுக்கு எப்படி? ஒரு பக்கம் பாத்தா நீலம், இன்னொரு பக்கம் பாத்தா பச்சை... ஸ்ப்ரேல வராதுங்க.”

“நீளத்துல ஓடற பாவு ஒரு கலரு, குறுக்க ஓடற ஊடை ஒரு கலரு. தறியில ரெண்டும் கலக்கிறதில்லீங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காரும், அவ்ளோதான். உங்க பெயிண்டும் அப்பிடி ஒக்காராதா?”

ஜாய்ஸ் முறைத்தாள். பிறகு இரண்டு நாள் தூங்காமல் யோசித்தாள். கீழே பச்சை அடித்து, காயவிட்டு, அதன்மேல் நீலத்தை மூச்சுக்காற்று போல மெல்லிசாக ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தூவினாள். அடுத்த மழையில் அவன் வந்து, வண்டியைச் சுற்றித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு அந்தக் கண்கள்... வண்டியைவிட்டு அவளிடம் வந்து, அங்கேயே தங்கிவிட்டன. ஜாய்ஸ் அவசரமாகத் தின்னர் டப்பாவைத் தேடினாள். டப்பா கையில்தான் இருந்தது.

இடது கதவை மட்டும் அவன் மாற்றவிடவில்லை. வேலு கையால் பூசிய பழைய ஊதா நிறம், ஓரம் பொரிந்துபோய் இருந்தது.

“அசிங்கமா இருக்குங்க,” என்றாள்.

“இருக்கட்டுங்க. தறியில ஒரு பாவு தீர்ந்தா, நாங்க மிச்ச நூல அறுத்துப் போட மாட்டோம். அந்தப் பழைய நுனியிலதான் புதுப் பாவ ஒவ்வொரு இழையா முறுக்கிப் பிணைப்போம். பழசு கொஞ்சம் தறியில நின்னாதான் புதுசு உள்ள வரும்.”

கதவு தப்பித்தது. அதேபோல ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், அவர் தூங்குவதற்கான படுக்கை அறையின் குட்டித் திரையும் தப்பித்தது. அரக்குப் பட்டு, ஜரிகைக் கரை. அண்ணன் கேட்டான் என்று கமலக்கண்ணன் தறியிலேயே நெய்து கொடுத்ததாம். ஒருநாள் அவன் குனிந்து அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியதுபோல இருந்தது. அழுகிறான் என்று ஜாய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

இப்படியாக, மழை என்றால் துணி எடுக்க ஓடுகிற ஜாய்ஸ், தினமும் மொட்டைமாடியில் நின்று மேகம் எண்ணுகிறவளாக ஆனாள்.

*

புரட்டாசியில் ஒரு வெயில் நாள். வண்டியின் படுக்கை அறைக்குள் சின்னதாக ஒரு பல்பு வைக்கலாமென்று டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். படுக்கைப் பலகை லேசாக ஆடியது. இடுக்கியால் தூக்கினாள்.

அடியில், பழைய செல்போன் பேட்டரி ஒன்று படுத்திருந்தது.

அதிலிருந்து கிளம்பிய ஒயர்கள் திரைக்குப் பக்கத்தில் வந்து, மேல்தோல் சீவி, இரண்டு முனையாக நின்றன. இடையில் மயிரிழை தூரம். வேலு அங்கே ஒரு சுவிட்சு வைக்க நினைத்து, வைக்காமலே போயிருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு நேர் மேலே, ஜரிகைக் கரை தொங்கியது.

அசல் ஜரிகை. பட்டு நூல்மேல் செம்பும் வெள்ளியும் சுற்றியது. கரண்டு பாய அதற்குமேல் என்ன வேண்டும்? பட்டு நெய்கிற வீட்டைத் தவிர வேறு யாராவது லாரிக்குள் ஜரிகைத் திரை போடுவார்களா!

கையிலிருந்த சூடான டீ டம்ளரைத் திரைக்கு அருகில் பிடித்தாள். ஆவி பட்டது. ஈரக்காற்றில் பட்டு தளரத்தான் செய்யும், மழைநாளில் பாவு தொய்கிறதென்று அவனே எத்தனை முறை புலம்பியிருக்கிறான். திரை மெதுவாகத் தொய்ந்தது... ஜரிகை இரண்டு முனையையும் தொட்டது.

பட்டப்பகலில், வெயிலில், முகப்பு விளக்குகள் எரிந்தன.

டீ ஆவிக்கு மயங்குகிற பேய். ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் ஸ்டூலில்... அவனுடைய ஸ்டூலில்... பொத்தென்று உட்கார்ந்தாள். சொன்னால் அவனுக்கு அண்ணன் இன்னொரு முறை சாவான். சொன்ன பிறகு அவன் எதற்கு இந்தப் படியேறி வரப்போகிறான்? சொல்லாவிட்டால்... செத்தவர் பெயரைச் சொல்லி ஒரு நல்லவனை மழைக்கு மழை ஏமாற்றிக் கூப்பிடுகிறவள் ஆவாள்.

அவள் பலகையை மூடினாள். அடுத்த மழைக்கு அவன் வந்தான், விளக்கு எரிந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. மழை விட்டு விளக்கு அணைந்ததும், டீ எடுக்கக் கீழே போய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தாள். அவனும் அன்றைக்கு ஏனோ அதிகம் பேசவில்லை. அவசரமாகக் கிளம்பிவிட்டான்.

*

அதற்குப் பின் மழையே இல்லை. மழைக்குப் பதிலாக ஒருநாள் கமலக்கண்ணனின் அம்மா வந்தார்.

ரேணுகாதேவி படியேறி வந்து, வண்டியைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மயில் கழுத்து வண்ணத்தையும், நிமிர்ந்த புகைக்குழாய்களையும் தாண்டி, அவர் கண் ஊதாக் கதவில் போய் நின்றது.

“இந்தாம்மா... நீங்க வேதக்காரங்க. உங்க வீட்ல இதெல்லாம் நம்ப மாட்டீங்க. ஆனா பெத்தவளுக்குத் தெரியும். எம் புள்ள போவாம நிக்கிறான்.”

“அப்பிடில்லாம் இல்லீங்கம்மா...”

“எதையோ காட்டணும்னு நிக்கிறான். அத பாத்துட்டா போயிடுவான். இன்னான்னுதான் எனக்குத் தெரியல.” அவர் ஜாய்ஸை நேராகப் பார்த்தார். “பெரியவன்தான் இப்பிடின்னா, சின்னவன் அதுக்கு மேல. தறியில பாதி பாவு நிக்குது, வானத்த பாத்துகினு வாசல்ல நிக்கிறான். ஒரு தூத்தல் போட்டா ஜல்தியா சட்டைய மாட்டிகினு இங்க ஓடியார்றான். வண்டிக்கு வர்றானா... உனக்கு வர்றானா?”

ஜாய்ஸின் காது மடல் சுட்டது.

“வண்டிக்குன்னா குடுத்துடு, ஆத்துல தண்ணி வந்ததும் உட்டுடறேன். உனக்குன்னா...” ரேணுகாதேவி பெருமூச்சு விட்டார். “எங்க வீட்டு ஆளுங்க குதிப்பாங்க, உங்க வீட்டு ஆளுங்களும் குதிப்பாங்க. அது வேற பேஜாரு. ஆனா மொதல்ல அது எதுன்னு உங்களுக்கே தெரியணும் இல்ல?”

படியிறங்கும் முன் ஊதாக் கதவை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவெல்லாம் அந்தக் கேள்வி ஜாய்ஸைத் தூங்கவிடவில்லை. விளக்கு எரியாவிட்டால் அவன் வருவானா? விடிந்ததும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. அவள் மாடிக்கு ஓடினாள், வண்டியைப் புரட்டினாள், அடியிலிருந்த திருகாணியைக் கழற்றி அந்த வழியாகவே பேட்டரியை உருவி எடுத்தாள். திரையைப் பார்க்கக்கூட மனம் இல்லை. பேட்டரியைச் சுரிதார்ப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியை நிமிர்த்தி வைத்தாள்.

இனி எரியாது. அவன் இருட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும். எழுந்து போகிறானா, இருக்கிறானா... தெரிந்துவிடும்.

*

சாயங்காலம் பெய்யத் தொடங்கியது. அப்படியொரு மழை. செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக ஏறி வந்தது.

“வாங்க,” என்றாள்.

“ம்...” என்றான்.

ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் வண்டியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். விளக்குகள் எரியவில்லை. ஜாய்ஸால் அதைத் தாங்க முடியவில்லை. டீ எடுத்துவருவதாகச் சொல்லிக் கீழே ஓடினாள். திரும்பி வந்து கடைசிப் படியில் கால் வைத்தபோது...

அறைக்குள் மஞ்சள் வெளிச்சம்.

இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அதற்கு எதிரில் அவன், கன்னத்தில் கைவைத்தபடி, உதட்டோரம் சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

ஒரு நொடி உடம்பெல்லாம் சில்லிட்டது. மறுநொடி அவளுக்குப் புரிந்தது... அல்லது புரிந்ததென்று நினைத்தாள். கள்ளன்! கீழே போன நேரத்தில் வேறு பேட்டரி வைத்திருக்கிறான். அப்படியென்றால் இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வந்திருக்கிறான். விளக்கு எரியாவிட்டால் வர முடியாமல் போய்விடுமே என்று எரியவைத்திருக்கிறான்!

“மாட்டிகினீங்களா?” என்றாள். கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக டம்ளரை வைத்தாள்.

“நானா? நீங்கதான் மாட்டிகினீங்க.” அவன் குரலிலும் அதே குறும்பு. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் நெய்ஞ்ச ஜரிகைங்க அது.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஆவணியில. குனிஞ்சி பாத்தேனே... அன்னிக்கே கரை ஒயருல ஒக்காந்துகினு இருந்திச்சி. எனக்கு சிரிப்பு தாங்கல. இத்தினி நாளா ஒரு ஜரிகைய அண்ணன்னு கும்புட்டேனேன்னு.”

“அழுதீங்கன்னுல்ல நெனச்சேன்! அப்பறம் ஏன் சொல்லல?”

“சொன்னா... அப்பறம் எதுக்கு வர்றதாம் இங்க?” அவன் தரையைப் பார்த்தான். “நீங்க ஏன் சொல்லல?”

“சொன்னா... அப்பறம் நீங்க வர மாட்டீங்களேன்னு.”

மழை ஓவென்று கொட்டியது. இரண்டு திருடர்கள் ஒரே பொருளைத் திருடி, ஒருவர் கையில் ஒருவர் அகப்பட்டுக்கொண்டு நின்ற கதைதான். ஜாய்ஸுக்கு மனசு காற்றில் மிதந்தது.

“சரி, அந்தப் பேட்டரிய எங்கேருந்து புடிச்சீங்க?” என்றாள்.

“எந்த பேட்டரி?”

“இப்ப வெச்சீங்களே... நான் கீழ போனப்ப.”

“நான் எதுவும் வெக்கலியே. நீங்கதான அந்த ஜரிகைய திரும்ப ஒட்ட வெச்சீங்க?”

“எந்த ஜரிகைய?”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வழிந்து போனது. சட்டைப் பைக்குள் விரலை விட்டான். எடுத்து நீட்டினான். உள்ளங்கையில், சுருண்டு, மின்னிக்கொண்டு, ஒரு துண்டு ஜரிகைக் கரை.

“போன மழைக்கே இத வெட்டி எடுத்துட்டேங்க... நீங்க டீ எடுக்கப் போனப்ப. எரியலேன்னாலும் வாங்கன்னு கூப்புடுவீங்களான்னு பாக்கத்தான்...”

ஜாய்ஸ் பையிலிருந்து பேட்டரியை எடுத்து, ஜரிகைக்குப் பக்கத்தில், அவன் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

ஜரிகை இங்கே. பேட்டரி இங்கே.

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெரு முழுக்கத் தறிகள் நின்றன. இருட்டில், ஈர மௌனத்தில், விளக்குகள் இரண்டும் இமைக்காமல் எரிந்தன. முன்சக்கரங்கள் லேசாகத் திரும்பியிருந்தன. வாசல் பக்கம் இல்லை. அவர்கள் நின்ற பக்கம். வெளிச்சம் இருவர் முகத்திலும் சரிசமமாக விழுந்தது. அவனுடைய நனைந்த இமைகளை, அவள் கன்னத்து நீரை, நடுவில் கோத்திருந்த கைகளை... எப்போது கோத்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது... எல்லாவற்றையும் அது காட்டியது.

எதையோ காட்டணும்னு நிக்கிறான், என்று ஒரு தாய் சொன்னது ஜாய்ஸின் காதில் ஒலித்தது. கமலக்கண்ணனுக்கும் வீட்டில் அதே வார்த்தை சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

“அண்ணா...” என்றான் வண்டியைப் பார்த்து. “பாத்துட்டேன்ணா.”

பிறகு அவள் பக்கம் திரும்பினான். கண்ணில் இப்போது பயம் இல்லை.

“வண்டிக்கு வரலங்க. ரொம்ப நாளா வண்டிக்கு வரல. உங்களுக்குத்தான் வந்தேன். உங்களத்தான் புடிச்சிருக்கு. எங்கம்மாகிட்ட நாளைக்கே சொல்லப் போறேன். யாரு குதிச்சாலும் குதிச்சிகினு போவட்டும்.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை. விளக்குகள் மங்கின. அணைந்துபோவதுபோல இல்லை... தூரமாகப் போகிற வண்டியின் வெளிச்சம் சிறிதாவதுபோல, குறைந்து, குறைந்து, ஒரு புள்ளியாகி, போய்விட்டது.

வெளியே மழை விடவில்லை. இன்னும் பலமாகத்தான் பெய்தது. மழை பெய்யும்போது அந்த விளக்கு அணைந்தது அதுதான் முதல் தடவை. கமலக்கண்ணன் இருட்டில் விம்மினான். இந்த முறை நிஜமாகவே அழுதான். ஜாய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, தெருக்கோடியில் ஒரு தறி அடிக்கத் தொடங்கியது. பிறகு இன்னொன்று. அறையில் வெளிச்சம் வந்தது. மயில் கழுத்து வண்டி மேசைமேல் சும்மா நின்றது, எந்த மாடல் வண்டியும் நிற்பதுபோல.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இனிமே மழ வந்தாலும் எரியாது இல்ல...” என்றான், குழந்தை கேட்பதுபோல.

“எரியாது.”

“அப்ப நான்...”

ஜாய்ஸ் அவன் வாயைக் கையால் பொத்தினாள். இத்தனை நாளும் ‘ங்க’ போட்டுத் தள்ளி வைத்திருந்தவனை முதன்முறையாகக் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னாள்.

“மழ வராத அன்னிக்கும் வா.”